வெள்ளை சார்ட் ஏன் சாம்பலாகிறது?

கேள்வி: வணக்கம் சார். கும்பகோணத்தில் வீட்டில் இருந்தபடியே டெரகோட்டா ஜிமிக்கி, சில்க் த்ரெட் வளையல் செய்து விற்கிறேன். சிதம்பரத்தில் கவரிங் நகைகள் வாங்கி வந்தும் விற்கிறேன். இதுவரை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராமும்தான். இப்போது ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் சேர்ந்திருக்கிறேன். ‘பின்னணி தூய வெள்ளையாக இல்லை’ என்று என் படங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். புது வெள்ளை சார்ட் பேப்பர் வாங்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்துத்தான் போனில் எடுக்கிறேன். படத்தில் சாம்பலாக, கொஞ்சம் நீலம் பாய்ந்து வருகிறது. ஆப்பில் பிரைட்னஸைக் கூட்டினால் சார்ட் வெளுக்கிறது. கூடவே முத்தும் தங்க நிறமும் வெளுத்துப்போகின்றன. பேக்ரவுண்டை நீக்கும் ஆப் ஜிமிக்கியின் கொக்கியையே தின்றுவிடுகிறது. டிஎஸ்எல்ஆர் வாங்கினால்தான் சரியாகுமா? இல்லை, லைட் பாக்ஸ் போதுமா? ‘முதலில் கையில் நாலு காசு பார், அப்புறம் கேமரா வாங்கலாம்’ என்கிறார் வீட்டுக்காரர். நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

சகோதரி, இந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். கேமரா வேண்டாம். நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறது, கை ஆடவில்லை, ஜிமிக்கியின் குடையில் நீங்கள் குத்தியிருக்கும் புள்ளிக்கோலம்கூட எண்ணும்படி தெரிகிறது. உங்கள் போனுக்கு ஒரு குறையும் இல்லை. வெளிச்சத்தை எங்கே, எவ்வளவு போடுவது என்பதில்தான் கோளாறு. இதே இடத்தில் ஒரு லட்ச ரூபாய் கேமராவை வைத்து எடுத்தாலும் இதே சாம்பல்தான் வரும்.

முதல் படத்தில் சார்ட்டின் நடுப்பகுதி நிறத்தை எடிட்டிங் மென்பொருளில் தொட்டுப் பார்த்தேன். சிவப்பு 168, பச்சை 172, நீலம் 181. மூன்றும் 255 என்று இருந்தால்தான் தூய வெள்ளை. ஆக, வெள்ளைக்கு வெகு கீழே நிற்கிறது. அதிலும் நீலம் ஒரு கை மேலே இருக்கிறது. உங்கள் கண்ணுக்குப் பட்ட இரண்டு குறையும் இந்த மூன்று எண்ணில் அப்படியே இருக்கின்றன.

சார்ட் வெள்ளை என்பது உங்களுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. அது படச் சட்டத்துக்குள், அதாவது ஃபிரேமுக்குள், இருக்கும் வெளிச்சத்தை எல்லாம் கூட்டிப் பார்த்து, மொத்தமும் நடுத்தரமாக வரும்படி அளவை வைத்துக்கொள்ளும். பந்தியில் பரிமாறுகிறவர் பசி பார்க்காமல் எல்லா இலைக்கும் ஒரே கரண்டி வைத்துக்கொண்டு போவதைப்போல. முக்கால் சட்டமும் வெள்ளை சார்ட்டாக இருந்தால், ‘வெளிச்சம் ரொம்ப அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதே ஜன்னலில் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் படம் எடுங்கள். இப்போது கறுப்பும் சாம்பலாக வரும். இந்தக் காலத்து போன்கள் கொஞ்சம் யோசிக்கின்றன என்பதால்தான் உங்களுக்கு 170 வரையாவது வந்திருக்கிறது.

திரையில் ஜிமிக்கியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தெரியும். அதை மேலே தள்ளுங்கள். கேமராக்காரர்கள் வெளிச்சத்தைப் படியாகச் சொல்வார்கள். ஒரு படி கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. உங்கள் படத்தில் ஒரு படி கூட்டியிருந்தாலே அந்த 170 ஏறக்குறைய 230க்குப் போயிருக்கும். போனில் ‘ப்ரோ’ மோட் இருந்தால் அதில் இவி என்ற அளவை +1 என்று வைத்து ஒரு படம், +1.3 வைத்து ஒரு படம் எடுங்கள். ஹெச்டிஆர் என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பளீரென்று இருப்பதையெல்லாம் அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. நீங்கள் சார்ட்டை வெளுக்கவைக்கப் பார்க்கிறீர்கள், அது மங்கவைக்கப் பார்க்கிறது.

எடுப்பதற்கு முன்னால் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். தாளிப்புக் கையோடு தொட்ட லென்ஸில் வெள்ளைப் பின்னணி புகை படிந்ததுபோலப் பரவும்.

இவ்வளவு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிலில் அதிகம் பேசப்போகிறேன். ஏனென்றால் நீங்கள் ஆப்பில் பிரைட்னஸ் கூட்டும்போது நடப்பதுதான் சூரியனை மேலே தள்ளும்போதும் நடக்கும்: சார்ட்டோடு சேர்ந்து முத்தும் ஏறும். சார்ட் 255ஐத் தொடும்வரை ஏற்றினால், அதற்கு முன்பே முத்தின் உருட்சி போய்விடும். இரண்டும் ஒரே வெளிச்சத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் வரை இதிலிருந்து தப்ப முடியாது. பொருளுக்கு ஒரு வெளிச்சம், பின்னணிக்கு ஒரு வெளிச்சம் என்று பிரித்துவிட வேண்டும். பின்னணி மேல் விழுவது பொருள் மேல் விழுவதைவிட அரைப் படி, அதாவது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, கூடுதலாக இருந்தால் போதும்.

கணக்கு எப்படி என்றால், நல்ல வெள்ளைத் தாள் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 85, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நகைக்குச் சரியான வெளிச்ச அளவை வைத்து எடுத்தால், அதே வெளிச்சம் பெறும் தாள் படத்தில் 240 வாக்கில் வந்து நிற்கும். அங்கிருந்து 255க்கு அரைப் படிகூடத் தூரமில்லை. உங்கள் இரண்டாவது படத்தில் நடந்தது தலைகீழ். டேபிள் லாம்பை ஜிமிக்கிக்கு ஓர் அடியில் வைத்திருக்கிறீர்கள். வளைந்து எழும் சார்ட் அதற்குப் பின்னால் இன்னும் ஓர் அடி தள்ளி இருக்கிறது. விளக்கிலிருந்து தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். 240 வந்திருக்க வேண்டிய தாள் 130க்கு இறங்கிவிடும். அதே லாம்பை ஜிமிக்கியிலிருந்து மூன்றடிக்குத் தள்ளியிருந்தால் பின்னால் இருக்கும் தாளுக்குப் பாதிக்குமேல் வெளிச்சம் போய்ச் சேர்ந்திருக்கும். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் எல்லாம் பளிச்சென்று ஆகும் என்று நாம் நினைக்கிறோம். கிட்டே போகப் போகப் பின்னணிதான் இருண்டுகொண்டு வரும்.

பகலில் எடுப்பதானால் இதோ வழி. ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். சார்ட்டைச் சுவரிலோ நாற்காலி முதுகிலோ கிளிப் போட்டு நிறுத்தி, மடிக்காமல் வளைவாக மேஜைமேல் இறக்குங்கள். மடித்தால் அந்தக் கோடு படத்தில் வரும். பிறகு அதை அழிக்க அரை மணி நேரம் போகும். நகையைச் சார்ட்டின் வளைவிலிருந்து முடிந்தவரை முன்னால் தள்ளி, ஜன்னலின் ஓர விளிம்புக்கு நேராக வையுங்கள். வளையும் பகுதி ஜன்னலின் நடுவுக்கு நேராக வரட்டும். இப்போது சார்ட்டுக்கு ஜன்னலின் முழு வெளிச்சமும், நகைக்கு அதில் கொஞ்சம் குறைவாகவும் கிடைக்கும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நகையின் நிழல் பக்கம் தெளியும்.

புகைப்படப் புத்தகங்களில் ‘வடக்குப் பார்த்த ஜன்னல்தான் உத்தமம், நேர் வெயில் வராது’ என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவில் எழுதிய பாடம். கும்பகோணம் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் நடுப்பகல் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே தாண்டிவிடும். ஆகஸ்ட் 23, 24 வரை அங்கேதான் இருக்கும். அந்த நான்கு மாதமும் தெற்குப் பார்த்த ஜன்னல்தான் உங்களுக்கு நிழலான ஜன்னல். மற்ற மாதங்களில் வடக்கு. வாடகை வீட்டில் ஜன்னலைத் தேர்ந்தெடுக்க முடியாது என்றால் கவலையில்லை, கம்பியில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டிவிடுங்கள். ஜன்னல் முழுவதும் ஒரே பெரிய விளக்காக மாறிவிடும். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வேண்டாம், பழுப்பேறியதும் வேண்டாம். வேட்டியின் நிறம் வெளிச்சத்தில் ஏறும்.

உங்கள் நீலத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. நேர் வெயில் வராத ஜன்னலில் உள்ளே வருவது வானத்தின் வெளிச்சம். வானம் நீலமாக இருந்தால் அதுவும் நீலம்தான். அதற்கு மேல், ‘சூப்பர் ஒயிட்’ என்று விற்கும் தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் சரக்கு அது. பகல் வெளிச்சத்தில் அந்தத் தாள் ஒரு சாயல் நீலமாகவே இருக்கும். கடையில் நான்கு வெள்ளைத் தாள்களை வாசலுக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பளபளப்பு இல்லாத, கொஞ்சம் கனமான ஐவரி அட்டை வாங்குங்கள். பெயரில்தான் ஐவரி, வெள்ளையிலும் கிடைக்கும். மூன்றாவது படத்தில் சார்ட்டின் வலது ஓரம் மட்டும் ரோஸாக இருக்கிறதே, அது உங்கள் சுவர். நம் வீட்டு ரோஸ், கிளிப்பச்சைச் சுவர்களெல்லாம் விளக்குப்போல நிறத்தை எறியும். அந்தப் பக்கம் தெர்மாகோலை நிறுத்தினாலே மறைந்துவிடும். படம் எடுக்கும்போது அறையில் டியூப் லைட்டை அணையுங்கள். ஜன்னல் ஒரு நிறம், டியூப் ஒரு நிறம் என்று இரண்டும் கலந்தால் எந்த ஆப்பாலும் பிரிக்க முடியாது.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஓர் அட்டைப்பெட்டி போதும். மிக்ஸி வந்த பெட்டி ஜிமிக்கிக்குச் சரியாக இருக்கும். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமும் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டு நடுவை வெட்டி எடுங்கள். அங்கே பட்டர் பேப்பரோ டிரேசிங் பேப்பரோ ஒட்டுங்கள். உள்ளே சார்ட்டை வளைத்து வையுங்கள். இரு பக்கமும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கம்பெனியில் வாங்கிய எல்இடி பல்பு, 6500கே (பகல் வெளிச்ச நிறம்) என்று அச்சிட்டது. பெட்டியை ஒட்டி வைக்காமல் அரையடி, முக்காலடி தள்ளி, சற்றுப் பின்புறமாக நகர்த்தி வையுங்கள். அப்போது தாளின் பின்பகுதி முன்பகுதியைவிடப் பிரகாசமாகும். நமக்கு வேண்டிய அந்த அரைப் படி அங்கிருந்து வரும். மேலே ஒரு பல்பு பொருளுக்கு. பழைய குண்டு பல்பும் ஹாலோஜனும் பட்டர் பேப்பர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

மலிவான எல்இடி பல்பில் ஒரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கும்; கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். படத்தில் கிடைமட்டமாகச் சாம்பல் பட்டைகள் வந்தால் காரணம் இதுதான். ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 விநாடி என்று வைத்தால் பட்டை போய்விடும். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 100 அல்லது அதற்குப் பக்கத்தில் வையுங்கள். 1/50ல் கை ஆடினால் தெரியும் என்பதால் போனை எதிலாவது சாய்த்து நிறுத்தி, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுங்கள். நீங்கள் எதையாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் போனைப் பிடிக்கும் ஒரு டிரைபாட் வாங்குங்கள்.

கடையில் விற்கும் மடக்கு லைட் பாக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு சாண் அகலத்தில், மேலே எல்இடி பட்டை ஒட்டி வருவது தோடு, ஜிமிக்கி, மோதிரத்துக்கு ஆகும். ஆரமோ ஒட்டியாணமோ அதில் அடங்காது. அடக்கினாலும் பின்தாளுக்கும் நகைக்கும் நடுவே இடைவெளி இருக்காது. அதைவிடப் பெரிய வம்பு, அந்த எல்இடி பட்டையின் ஒவ்வொரு புள்ளியும் கவரிங் நகையில் தனித்தனி வெள்ளைப் பொட்டாகப் பிரதிபலிக்கும். பட்டைக்குக் கீழே ஒரு பட்டர் பேப்பரை ஒட்டினால் சரியாகும். ஆனால் பட்டர் பேப்பர் ஒட்டத்தான் போகிறோம் என்றால் உங்கள் மிக்ஸிப் பெட்டியே போதுமே.

தட்டையாகக் கிடக்கும் நகைகளுக்கு, அதாவது அட்டிகை, ஆரம், கொலுசு, செயின் இவற்றுக்கு, எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடியை எடுத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, இரண்டு பக்கமும் புத்தக அடுக்கின்மேல் வையுங்கள். கீழே ஓர் அடி பள்ளத்தில் சார்ட். நகை கண்ணாடிமேல். கீழே சார்ட்டுக்கு இரண்டு பல்பு, மேலே நகைக்கு ஜன்னல் அல்லது ஒரு பல்பு. பொருளுக்கும் பின்னணிக்கும் வெளிச்சம் இங்கே முழுசாகப் பிரிந்துவிடுகிறது. நகையின் நிழல் கீழே எங்கோ போய் விழுந்து, சார்ட்டின் வெளிச்சத்தில் கரைந்துவிடும். மேலிருந்து எடுக்கும்போது கண்ணாடியில் போனும் உங்கள் முகமும் தெரியும். ஒரு கறுப்பு சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனை அதன் பின்னால் பிடித்து எடுங்கள்.

இதையே இன்னும் சுலபமாக்க, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டின் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் கனம் போதும். கீழே பல்பு, மேலே அக்ரிலிக், அதன்மேல் நகை. தாளே விளக்காகிவிட்டதுபோல இருக்கும். கீழ் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நகை நிழலுருவாக இருண்டுபோகும், மேலேயும் வெளிச்சம் வேண்டும்.

இப்போது உங்கள் நான்காவது படம், அந்த முத்து ஜிமிக்கி. இதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். குடையின் கீழ் விளிம்பில் பதினொரு முத்துகள் தொங்குகின்றன. நடு முத்துகள் உருண்டையாக இருக்கின்றன. இரண்டு ஓரத்திலும் இருக்கும் முத்துகளுக்கு வெளி விளிம்பே இல்லை, பாதி முத்து சார்ட்டோடு கரைந்துவிட்டது. நகையைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளை; முத்து அதை வாங்கித் தன் ஓரத்தில் காட்டுகிறது. வெள்ளைமேல் வெள்ளைக்கு விளிம்பு எங்கிருந்து வரும்? கவரிங்கிலும் இதேதான். தங்க முலாம் ஒரு கண்ணாடி. சுற்றிலும் வெள்ளையை வைத்தால் மஞ்சள் பெயின்ட் அடித்த தகரம்போல ஆகிவிடும்.

மருந்து, கறுப்பு சார்ட். அரை அங்குல, ஓர் அங்குல அகலத்தில் இரண்டு கீற்றுகள் வெட்டி, நகையின் இரு பக்கமும், சட்டத்துக்குச் சற்று வெளியே, படத்தில் விழாத அளவுக்குக் கிட்டே நிறுத்துங்கள். திரையைப் பார்த்தபடியே கீற்றை உள்ளே தள்ளிக்கொண்டு வாருங்கள். ஓர் இடத்தில் முத்தின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் வளைவு தோன்றும். குடையின் பக்கவாட்டில் ஒரு கரும்பொன் கோடு இறங்கும். அங்கே நிறுத்துங்கள். நகை அந்த நிமிடத்தில் எழுந்து உட்காரும். கெம்புக் கல் பதித்த நகைக்கு மெல்லிய கீற்று, வழவழப்பான வளையலுக்கு அகலமான கீற்று. டெரகோட்டாவுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, மண் எதையும் பிரதிபலிப்பதில்லை. மறக்காமல், கவரிங் எடுக்கும்போது சிவப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு எதிரே நிற்காதீர்கள். முதல் படத்தின் குடையில் நீங்கள் தெரிகிறீர்கள்.

ஜிமிக்கியைப் படுக்கவைத்து எடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. குடை ஒரு பக்கம் சாய்ந்து, முத்துகள் கலைந்து கிடக்கின்றன. மெல்லிய நைலான் நரம்பில் கொக்கியைக் கோத்து, பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். சார்ட்டின் பின்பக்கம் தானாகவே தள்ளிப்போய்விடும், நிழலும் விழாது. ஆடி நிற்கும்வரை ஃபேனை அணைத்துவிடுங்கள். நரம்பை எடிட்டிங்கில் அழிப்பது சுலபம். போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். ரொம்ப நெருங்கினால் பல போன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறிவிடும்; குடை பூசணிக்காய் மாதிரி வீங்கும், போனின் நிழலும் விழும். இரண்டடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

அடுத்து எடிட்டிங். இங்கே நீங்கள் தேடுவது அந்தக் கடைசி ஐந்தாறு சதவீதத்தை மட்டும்தான். கேமராவிலேயே பின்னணி 255ஐ எட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அளவுக்கு மேல் பின்னணியை எரியவிட்டால் அந்த வெளிச்சம் நகையின் ஓரத்தைச் சுற்றி வந்து, மெல்லிய கம்பி வேலைகளை அரித்துவிடும். 240லிருந்து 250க்குள் வந்தால் படத்தைப் பாஸ் செய்துவிடலாம்.

முதலில் நிறம். ஸ்நாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பில் ஒயிட் பேலன்ஸுக்குப் போய், சொட்டுக்குழாய் போன்ற குறியை எடுத்து நகைக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ட்டைத் தொடுங்கள். நீலம் இறங்கிவிடும். பிறகு கர்வ்ஸ், அதாவது வெளிச்சத்தை ஒரு கோடாகக் காட்டும் கருவி. வலது மேல் மூலையில் இருக்கும் புள்ளியைப் பிடித்து, மேல் விளிம்பை விடாமல் கொஞ்சமாக இடதுபக்கம் நகர்த்துங்கள். 245ல் இருந்த சார்ட் 255 ஆகும். நடு நிறங்களும் கறுப்பும் அநேகமாக அதே இடத்தில் இருக்கும். பிரைட்னஸ் பட்டைக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான். அது நகையின் நடு நிறங்களையும் நிழலையும் பிடித்து மேலே தூக்கிவிடும். முத்து வெளுத்தது அதனால்தான். மூலைகளில் மட்டும் சாம்பல் மிச்சமிருந்தால் வெளுக்கவைக்கும் டாட்ஜ் பிரஷ்ஷால் அங்கே மட்டும் தேய்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் இலவசமான ஜிம்ப் மென்பொருளில் லெவல்ஸ் என்ற இடத்தில் இதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யலாம்.

வெள்ளை உண்மையிலேயே வெள்ளைதானா என்று கண்ணை நம்ப வேண்டாம். நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு 240ம் வெள்ளைதான். ஜிம்பில் திரெஷோல்ட் என்று ஒரு கருவி உண்டு. அதன் எல்லையை 255ல் வைத்தால், தூய வெள்ளை மட்டும் வெள்ளையாக நிற்கும். ஒரு புள்ளி குறைந்த இடமும் கறுப்பாகிவிடும். நகை கறுப்பாகவும் சுற்றிலும் வெள்ளையாகவும் வந்தால் தேறியது. நகையைச் சுற்றி மேகம்போல, மூலையில் கரும்புள்ளிபோல வந்தால் எங்கே தேய்க்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பார்த்துவிட்டு அந்த மாற்றத்தை ரத்து செய்துவிட மறக்காதீர்கள்.

பேக்ரவுண்ட் நீக்கும் ஆப்களை நான் அடியோடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சோப்பு டப்பா, புத்தகம், வளையல் பெட்டிக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. செயினின் கண்ணிகளுக்கு நடுவே, ஜிமிக்கியின் கொக்கிக்குள்ளே, சில்க் த்ரெட்டின் பிசிறில்தான் தடுமாறும். உங்கள் சாம்பல் படத்தில் முத்துக்கும் சார்ட்டுக்கும் ஆப்புக்கே வித்தியாசம் தெரியவில்லை, அதனால்தான் கொக்கியைத் தின்றது. வெளிச்சத்தைச் சரியாக வைத்து, கறுப்புக் கீற்றால் விளிம்பைக் காட்டிய படத்தைக் கொடுத்தால் அதே ஆப் ஒழுங்காக வெட்டும். அப்போது உங்களுக்கு அந்த ஆப்பே பெரும்பாலும் தேவைப்படாது.

தளங்களின் விதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக அமேசானில், தூய வெள்ளைப் பின்னணி, அதாவது மூன்றும் 255 என்பது, முதலில் தெரியும் முகப்புப் படத்துக்குத்தான் கட்டாயம். அந்தப் படத்தில் பொருள் சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். மேலே எழுத்தோ கடைப்பெயரோ வாட்டர்மார்க்கோ கூடாது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்ய, நீளமான பக்கம் குறைந்தது 1000 பிக்ஸல் வேண்டும். உங்கள் ஜிமிக்கி சட்டத்தின் நடுவில் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டிப் பெரிதாக்கினாலே சார்ட்டின் மூலைகள் பாதி காணாமல் போய்விடும், தேய்க்கும் வேலையும் மிச்சம். வெட்டிய பிறகும் 1000 பிக்ஸல் மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முகப்புக்கு அடுத்து வரும் படங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே மரப்பலகை மேல் வையுங்கள், வாழை இலைமேல் வையுங்கள், காதில் போட்டு எடுங்கள். டெரகோட்டாவை வெள்ளையில் மட்டுமே காட்டினால் அதன் மண் வாசமே போய்விடும் என்பது என் அபிப்பிராயம். இன்ஸ்டாகிராமில் நீங்கள் ஏற்கெனவே போட்டுவரும் கறுப்புக்கல் அம்மிமேல் எடுத்த படங்களை வெள்ளைக்கு மாற்றிவிடாதீர்கள், அவை நன்றாக இருக்கின்றன.

நிறத்தில் மட்டும் கறாராக இருங்கள். சில்க் த்ரெட் வளையலில் அரக்கு சிவப்பாகத் தெரிந்தாலும், மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகத் தெரிந்தாலும் வாங்கியவர் திருப்பி அனுப்புவார். கூரியர் செலவு உங்கள் தலையில். எடிட் செய்த படத்தையும் வளையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், போன் திரையின் நைட் மோடை அணைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் கம்ப்யூட்டருக்கு அனுப்பி அங்கிருந்து ஏற்றுகிறீர்களா? போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாகுமென்டாக அனுப்புங்கள்.

மொத்த நகையையும் ஒரே மூச்சில் எடுத்துத் தள்ள வேண்டாம். அந்த முத்து ஜிமிக்கியை மட்டும் எடுத்து ஏற்றிப் பாருங்கள். தேறிவிட்டால் பெட்டி, பல்பு, கறுப்புக் கீற்று, டிரைபாட் கால் இவை நிற்கும் இடங்களை மேஜையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். எல்லாப் படமும் ஒன்றுபோல வரும். மறுபடியும் திருப்பி அனுப்பினால், எடிட் செய்யாத மூலப் படத்தையும், நீங்கள் வைத்திருந்த ஏற்பாட்டைத் தள்ளி நின்று எடுத்த இன்னொரு படத்தையும் அனுப்புங்கள். பல்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.